பஸ் வராத தரிப்பிடம் ஒன்று வேண்டி

விண்ணப்பதாரர்:
திருமதி கஜந்தினி பிரவீணன்,
வயற்கரை ஒழுங்கை,
சண்டிலிப்பாய்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
பிரதேச சபை.

ஊடாக: எவருமில்லை. (கிராம உத்தியோகத்தர் ஊடாக அனுப்புவதே முறை என்பதை அறிவேன். அவருடைய மனைவி இந்த பஸ்ஸில்தான் சந்தைக்குப் போய் வருகிறார் என்பதையும் அறிவேன்.)

விடயம்: அமரர் அருளம்பலம் ஞாபகார்த்த பஸ் தரிப்பிடத்துக்கு பஸ் வரத் தொடங்கியதால் எனக்கு ஏற்பட்டுள்ள இடையூறு தொடர்பானது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி ஒழுங்கையில் வசிக்கும் மூன்று பிள்ளைகளின் தாய். மூத்தவள் நிவேதனா மூன்றாம் தரத்தில் படிக்கிறாள். அடுத்த இருவரும் இரட்டையர், ஆண்பிள்ளைகள், முன்பள்ளிக்குப் போகிறார்கள். கணவர் யாழ்ப்பாணத்தில் வங்கியொன்றில் கடமையாற்றுகிறார். காலையில் போனால் பொழுதுபட்டுத்தான் வருவார். மாமனார் திரு. நாகலிங்கம், இளைப்பாறிய தபாலதிபர், எங்களோடு இருக்கிறார். இவர்களில் எவர் மீதும் எனக்கு முறைப்பாடு இல்லை என்பதை முதலிலேயே பதிவு செய்கிறேன். முறைப்பாடு பஸ் மீது.

2. மேற்படி தரிப்பிடம் எப்படி வந்தது என்பதைத் தாங்கள் அறிந்திருக்க நியாயமில்லை. தாங்கள் இங்கு மாற்றலாகி வருமுன் நடந்தது. கனடாவில் இருக்கும் அமரர் அருளம்பலத்தின் பிள்ளைகள் தகப்பனார் ஞாபகமாக ஒரு பஸ் தரிப்பிடம் கட்டித் தர விரும்பினார்கள். பிரதான வீதியில் ஏற்கெனவே வேறு இரண்டு அமரர்களின் பிள்ளைகள் எதிரும் புதிருமாகத் தரிப்பிடம் கட்டிவிட்டபடியால் அங்கே இடம் இருக்கவில்லை. ஆகவே ஒருநாளும் பஸ் ஓடியிராத எங்கள் ஒழுங்கையில், அவர் பிறந்த வளவுக்கு முன்னால், மாபிள் பதித்த இருக்கையோடும் கோட்டும் ரையும் போட்ட அவருடைய படத்தோடும் கட்டினார்கள். திறப்பு விழாவில் எல்லோரும் வடை சாப்பிட்டோம். இங்கே பஸ் எப்போது வரும் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. செத்த மனிதரின் பெயரில் ஒன்றைக் கட்டித் தரும்போது அப்படிக் கேட்பது மரியாதை இல்லை.

3. ஐயா, வீட்டுக்குள் ஓர் அமைதியான இடத்தைத் தேடிப் பாராமலே நான் தெருவுக்கு வந்துவிட்டதாகத் தாங்கள் எண்ணக் கூடாது. குளியலறையில் இருந்து பார்த்தேன். கதவுக்குக் கீழுள்ள நீக்கலால் முதலில் விரல்கள் வந்தன. பிறகு ஒரு படப்புத்தகம் வந்தது. பிறகு “அம்மா, உந்தப் புத்தகத்தை வாசிச்சுக் காட்டுங்கோ” என்ற கட்டளை வந்தது. கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற சாட்டில் நின்று பார்த்தேன். இரட்டையர் தங்கள் சப்பாத்துகளையும் தோய்க்கத் தந்தார்கள், காலோடு சேர்த்து.

சுவாமி அறையில் ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு சற்றுக் கூடுதலாக இருந்துவிட்டேன். எட்டிப் பார்த்த இரட்டையர் “அப்பப்பா, அம்மாவுக்கு உரு வந்திட்டுது!” என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். மாமா திருநீற்றுத் தட்டோடு வந்தார். பக்கத்து வீட்டுப் பூரணம் அக்கா வேப்பிலையோடு வந்தார். வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். வெளிக்கிடும்போது பூரணம் அக்கா கை கூப்பி, தன் மகளுக்குக் கலியாணம் எந்தத் திசையிலிருந்து வரும் என்று என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டுவிட்டுப் போனார்.

மாமாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவருக்குக் காது சற்று மந்தம். வானொலியில் மரண அறிவித்தல் உச்சச் சத்தத்தில் போகும். ஒவ்வொரு பெயருக்கும் குசினிப் பக்கம் திரும்பி “பிள்ளை, உவர் ஆர்? எங்கடை கந்தையற்றை சகலனோ?” என்று கேட்பார். நான் கோப்பாயிலிருந்து இந்த ஊருக்கு வாழ வந்தவள். எனக்குக் கந்தையரையே தெரியாது.

4. முன்பள்ளி மத்தியானத்துக்குச் சற்று முன் விடும். போன வருடம் ஒருநாள் எங்கள் வீட்டு மணிக்கூடு அரை மணித்தியாலம் முந்தி ஓடியிருக்கிறது. அது தெரியாமல் இரட்டையரைக் கூட்டிவர நேரத்தோடு வெளிக்கிட்டுவிட்டேன். நல்ல வெயில். அருளம்பலத்தாரின் தரிப்பிடத்தில் ஒதுங்கினேன். முன்னால் புகையிலைத் தோட்டம். எங்கேயோ தண்ணீர் இறைக்கும் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. முதலில் அடுப்பை நிறுத்தாமல் வந்துவிட்டேனோ என்று பாதி எழும்பினேன். நிறுத்தியது ஞாபகம் வந்ததும் காலை நீட்டினேன். வீட்டு மணிக்கூட்டை நான் இன்றுவரை திருத்தவில்லை.

அன்று தொடக்கம் பள்ளி நாட்களில் அந்த அரை மணித்தியாலம் எனக்கு இருந்தது. அங்கே நான் ஒன்றும் செய்வதில்லை. போன் பார்ப்பதில்லை. தேவாரம் சொல்வதில்லை. இரவுக்குப் புட்டோ இடியப்பமோ என்று யோசிப்பதும் இல்லை. சில நாட்களில் ஒரு பொரிவிளாங்காயைக் கைலேஞ்சியில் சுற்றிக் கொண்டுபோய் இருந்து தின்றிருக்கிறேன். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு தாய் ஒரு பலகாரத்தை முழுதாகத் தின்பது எப்படிப்பட்ட காரியம் என்று தங்கள் வீட்டு அம்மாவிடம் கேட்டால் சொல்லுவார். அதே லேஞ்சியால் அருளம்பலத்தாரின் படத்தையும் துடைத்துவிடுவேன். நான் அறிந்தவர்களுக்குள் என்னிடம் ஒன்றும் கேளாதவர் அவர் ஒருவர்தான்.

அதன் பிறகு முன்பள்ளி வாசலுக்குப் போனால், இரட்டையர் தண்ணீர்ப் போத்தல் அடிபட ஓடிவந்து என் மேல் விழுவார்கள். எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருக்கும். இந்த வசனத்தைத் தாங்கள் விசேட கவனத்தில் எடுக்க வேண்டும்.

5. தங்கள் அலுவலகத்தின் வெளிக்கள உத்தியோகத்தர் திரு. ஜஸ்ரின் குருநகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து போகிறவர். தங்கமான பிள்ளை. ஒருநாள் என்னைக் கண்டு நிறுத்தி, “அக்கா, பஸ்ஸுக்கோ இருக்கிறியள்?” என்று கேட்டார். ஐயா, எங்கள் பக்கத்தில் ஒரு பெண் தெருவோரம் இருந்தால் ஒன்றில் அவள் எங்கேயோ போக வேண்டும், அல்லது எங்கிருந்தோ வர வேண்டும். “சும்மா இருக்கிறன்” என்று சொல்லியிருந்தால், “பிரவீணன்ரை மனிசி புருசனோடை கோவிச்சுக்கொண்டு றோட்டிலை இருக்கிறாளாம்” என்று பொழுதுபட முன்னம் அது கோப்பாய்க்குப் போய், என் அண்ணை சைக்கிளில் வந்து இறங்கியிருப்பார். ஆகவே “ஓம்” என்று சொன்னேன்.

இன்னொரு நாள் “இண்டைக்கும் வரேல்லையோ அக்கா?” என்று கேட்டார். “வரும்தானே” என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார். என்னைக் கடந்து போகும்போது வேகத்தைக் குறைத்துத் தலையைக் குனிந்துகொண்டு போவார். மரியாதைக்குச் செய்கிறார் என்று நினைத்தேன். பிள்ளைக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கிறது.

6. போன மார்கழியில் தங்கள் சபையிலிருந்து இருவர் வீட்டுக்கு வந்து, “அம்மா, உங்கடை காத்திருப்புக்குப் பலன் கிடைச்சிட்டுது” என்றார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தேத்தண்ணீர் போட்டேன். அவர்கள் சொல்லித்தான் தெரிந்தது, திரு. ஜஸ்ரின் மேலிடத்துக்கு எழுதி, அவர்கள் போக்குவரத்துக்காரருக்கு எழுதி, வட்டுக்கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் போகிற மினிபஸ் ஒன்றை எங்கள் ஒழுங்கையால் திருப்பிவிட

(இவ்விடத்தில் வசனம் அறுந்ததற்கு மன்னிக்கவும். இரட்டையரில் ஒருவர் மற்றவருடைய மூக்குக்குள் கச்சான் கடலை வைத்துவிட்டார். எடுத்தாயிற்று. பக்கத்தின் ஓரத்தில் காணப்படும் நீலக் கோடுகள் மனுவின் பகுதி அல்ல.)

திருப்பிவிட ஒழுங்கு செய்திருக்கிறார்கள் என்று. எங்கள் மாமா கண் கலங்கிவிட்டார். கணவர் மட்டும் அன்றிரவு பிள்ளைகள் படுத்த பிறகு, “பஸ்ஸிலை எங்கை போக இருந்தனீர்?” என்று கேட்டார். கேட்ட குரலில் ஒரு பயம் இருந்தது. ஓரிடமும் இல்லை என்று சொன்னேன். நம்பினாரோ தெரியாது. மறுநாள் விடிய எழும்பித் தானே தேத்தண்ணீர் போட்டு எனக்குக் கொண்டுவந்து தந்தார். மனுவுக்கு இந்தப் பகுதி தேவையில்லை, எழுதப்பட்டுவிட்டது.

7. பொங்கல் முடிந்த கையோடு பஸ் வந்தது. தரிப்பிடத்தில் நிறைகுடம் வைத்தார்கள். சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்தார்கள். ‘வராத பஸ்ஸுக்காக நம்பிக்கையோடு காத்திருந்த ஒரு தாய்’ என்று திரு. ஜஸ்ரினின் அறிக்கையிலிருந்து ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். எனக்கு மாலை போட்டார்கள். “முதல் ஆளா நீங்கள்தான் ஏறவேணும்” என்றார்கள். முன்பள்ளி விடுகிற நேரம், ஐயா. பஸ் போவதோ எதிர்த்திசையில். ஊர் முழுக்க நின்று கை தட்டுகிறது. ஏறினேன்.

அடுத்த முடக்கில் இறங்கலாம் என்று நினைத்தேன். அந்த முடக்கிலும் சனம் நின்று கை தட்டியது. ஆனைக்கோட்டை வரை போக வேண்டியதாயிற்று. உள்ளதைச் சொல்ல வேண்டும்: யன்னலோர இருக்கை, காற்று, மடியில் ஒருவரும் இல்லை. சற்று நேரம் நன்றாகத்தான் இருந்தது. அப்போது பின் இருக்கையில் யாரோ ஒரு பிள்ளை “அம்மா!” என்று கூப்பிட்டது. பஸ்ஸுக்குள் இருந்த எல்லாரிலும் முந்தி “என்ன ராசா?” என்று திரும்பியவள் நான். பிள்ளையின் தாய் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கழுத்தில் மாலை வேறு. அங்கேயே இறங்கி ஓட்டோ பிடித்துத் திரும்பி வந்தேன். முன்பள்ளி ரீச்சர் தர்சினி இரட்டையரை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அவர்கள் அழவில்லை. ரீச்சர்தான் அழுகிற நிலையில் நின்றார்.

8. அன்று தொடக்கம் எனக்கு ஏற்பட்ட பாதிப்புகள்:

பஸ் என்னுடைய அந்த அரை மணித்தியாலத்தின் சரி நடுவில் வருகிறது. பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறது. நான் தரிப்பிடத்தில் இருந்தால் நின்று ஹோன் அடிக்கிறது. நடத்துநர் தம்பி இறங்கி வந்து “ஏறுங்கோ அக்கா, உங்கடை பஸ்தானே” என்கிறார். ஏறாவிட்டால் அவருக்கு முகம் வாடிப்போகிறது. அதற்காகவே இரண்டு தரம் ஏறிச் சந்தியில் இறங்கி நடந்து வந்தேன்.

ஊரில் அதற்கு இப்போது ‘கஜந்தினியின்ரை பஸ்’ என்றுதான் பெயர். பஸ் பிந்தினால் எனக்குப் போன் வருகிறது. காலைச் சேவையைச் சற்று முந்திவிடச் சொல்லி என்னிடம் கேட்கிறார்கள். கத்தரிக்காய்ச் சாக்குகளைப் பின்னால் ஏற்ற விடுகிறார்கள் இல்லை என்று போன கிழமை ஒருவர் என் வீட்டுக்கு வந்து முறையிட்டார். தேத்தண்ணீர் போட்டேன். மாமா வானொலியை நிறுத்திவிட்டு வாசலில் கதிரை போட்டு இருந்து, முறைப்பாடுகளைத் தானே ஏற்று, என்னைக் கூப்பிட்டு ஒப்படைக்கிறார். தபாற்கந்தோர் நாட்களுக்குப் பிறகு அவர் இவ்வளவு உற்சாகமாக இருந்து நான் கண்டதில்லை.

தரிப்பிடத்தில் எனக்கு இருக்க இடமில்லை. சாக்குகளும் சனமுமாக இருக்கிறது. இடம் இருந்தாலும் “எங்கை பிள்ளை, யாழ்ப்பாணமோ?” என்று நாலு பேர் கேட்கிறார்கள். அருளம்பலத்தாரின் முகத்தில் ரியூசன் வகுப்பு விளம்பரம் ஒட்டியிருக்கிறது. கோட்டும் ரையும் மட்டும் தெரிகிறது.

எல்லாவற்றிலும் பெரியது இதுதான். இப்போது நான் கடைசி நேரம் வரை வீட்டு வேலை செய்துவிட்டு, வியர்க்க வியர்க்க ஓடி முன்பள்ளிக்குப் போகிறேன். இரட்டையர் வழமை போல ஓடி வருகிறார்கள். போன கிழமை அவர்கள் வந்து மேலே விழுந்தபோது, ‘இனி இவர்களைக் குளிப்பாட்ட வேண்டும்’ என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. சின்னவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அம்மா, நாங்கள் என்ன செய்தனாங்கள்?” என்று கேட்டான். அவர்கள் ஒன்றும் செய்யவில்லை, ஐயா. அந்த அரை மணித்தியாலம் போய்விட்டது, வேறொன்றும் இல்லை. வழியெல்லாம் எனக்கு அழுகை வந்தது.

9. பஸ்ஸை நிறுத்தும்படி நான் கேட்கவில்லை. கேட்டால் ஊரில் என்னை இருக்க விடமாட்டார்கள். அது ஒருபுறம், எனக்கே மனம் வரவில்லை. பூரணம் அக்கா கிளினிக்குக்கு இப்போது தன்பாட்டில் போய் வருகிறார். மேல்வீட்டு வித்தியா தொழில்நுட்பக் கல்லூரிக்கு இந்த பஸ்ஸில்தான் போகிறாள். முன்பு தகப்பன் சைக்கிளில் ஏற்றிப் போய்ச் சந்தியில் விட்டால்தான் படிப்பு. என்னைக் காணும் நேரமெல்லாம் அவள் பஸ்ஸுக்குள்ளிருந்து கை காட்டுகிறாள். நான் ஒரு பொய்க்கு “ஓம்” சொன்னதால் இத்தனை பேருக்கு நன்மை நடந்திருக்கிறது. இழந்தது நான் ஒருத்தி மட்டும்.

10. ஆகவே ஐயா, பின்வரும் சிறு உதவிகளைத் தாழ்மையோடு வேண்டுகிறேன்.

அ. தரிப்பிடத்துக்குப் பின்னால், வாய்க்கால் ஓரமாக, வேப்பமரத்துக்குக் கீழே சபைக்குச் சொந்தமான ஒரு துண்டு நிலம் சும்மா கிடக்கிறது. அவ்விடத்தில் ஒரு சீமெந்து இருக்கை போட்டுத் தர வேண்டும். அது புகையிலைத் தோட்டத்தைப் பார்த்தபடி, தெருவுக்கு முதுகைக் காட்டியபடி இருக்க வேண்டும். கூரை தேவையில்லை, மரம் இருக்கிறது.

ஆ. அதற்குப் பக்கத்தில் ‘இங்கு பஸ் நிற்காது’ என்று ஒரு பலகை நாட்ட வேண்டும். மும்மொழியிலும் இருந்தால் நல்லது.

இ. திறப்பு விழா வேண்டாம். மாலை வேண்டாம். எவருடைய ஞாபகார்த்தமாகவும் இருக்க வேண்டாம். படம் ஒன்று வைத்தே ஆகவேண்டும் என்பது சபையின் விதியானால், அருளம்பலத்தாரைப் பின்பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். அவர் எனக்குப் பழகியவர்; இப்போது அவருக்கும் அங்கே நிம்மதி இல்லை.

ஈ. திரு. ஜஸ்ரின் அவ்வழியால் போகும்போது என்னிடம் ஒன்றும் கேட்கக் கூடாது என்று அறிவுறுத்த வேண்டும். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவர் அந்தக் குரலில் எது கேட்டாலும் நான் மறுபடியும் “ஓம்” என்றுதான் சொல்லுவேன். அடுத்த முறை புகையிரதம் வந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

உ. இம்மனு தொடர்பான விசாரணைக்கு எவரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். வந்தால் தேத்தண்ணீர் போட வேண்டும். பதிலைத் தபாலில் அனுப்பினால் போதும். அதை மாமா முதலில் வாசித்துவிடுவார் என்பதால் ‘தங்கள் விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று மட்டும் இருந்தால் நல்லது.

ஒரு பெண் ஒன்றுக்கும் இல்லாமல் ஓரிடத்தில் இருப்பதற்குச் சபையின் நிதியில் தலைப்பு இருக்குமோ எனக்குத் தெரியாது. இல்லாவிட்டால் ‘மர நிழல் பராமரிப்பு’ என்று எழுதிக்கொள்ளுங்கள். தயவு கூர்ந்து செய்து தாருங்கள், ஐயா.

இருக்க இடம் கேட்கும்,

(ஒப்பம்)
கஜந்தினி பிரவீணன்

இடம்: சண்டிலிப்பாய்
திகதி: 2025.03.06

பிற்குறிப்பு: இம்மனுவின் பிரதி ஒன்றை எடுத்து வைப்பதற்காகச் சந்தியில் உள்ள கடைக்குப் போனேன். அங்கே போட்டோக்கொப்பி எடுக்கும் ஜெசிதா கைக்குழந்தைக்காரி. பிள்ளையை மெசினுக்குப் பக்கத்தில் ஏணை கட்டிப் படுக்க வைத்திருந்தார். கேளாமலே முதற்பக்கத்தை வாசித்தார். பிறகு மெசினை நிறுத்திவிட்டு முழுவதையும் வாசித்தார். வாசித்து முடிந்ததும் குழந்தை எழும்பாத குரலில், “அக்கா, அந்த வாங்கிலை ஒராள் மட்டுமோ இருக்கலாம்?” என்று கேட்டார்.

நீளமாகப் போடச் சொல்லி எழுதலாமே என்றார். நீளமாகப் போட்டால் இரண்டு பேர் இருப்போம், இருந்தால் கதைப்போம், கதைத்தால் நான் இவரின் பிள்ளைக்கு வயிற்றுக்குத்துக்கு மருந்து சொல்லுவேன், பிறகு அது எங்கள் வீட்டுக் குசினியாகிவிடும் என்று விளக்கினேன். அவருக்கும் அது சரியாகப் பட்டது. ஆகவே மேலே 10அ இல் ‘ஒரு சீமெந்து இருக்கை’ என்று வருமிடத்தை ‘இரண்டு சீமெந்து இருக்கைகள்’ என்று திருத்தி வாசிக்கவும். இரண்டும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டியபடி இருக்க வேண்டும்; மற்றது தெருப்பக்கம் பார்த்தாலும் தரிப்பிடத்தின் பின்சுவர் மறைத்துவிடும்.

ஜெசிதாவும் இம்மனுவில் ஒப்பமிடுகிறார். அவருடைய பெயர் பாதியில் நிற்பதற்குக் காரணம், குழந்தை எழும்பிவிட்டது.

(ஒப்பம்)
ஜெசி